ஏசியை மாற்றுவதா, ஃபேனை மாற்றுவதா?

கேள்வி: வில்லிவாக்கத்தில் சொந்த ஃப்ளாட், மொட்டை மாடிக்கு நேர் கீழே. வீட்டில் ஐந்து பேர். பிப்ரவரியில் 460 யூனிட்டுக்கு 1,553 ரூபாய் கட்டினோம். ஜூனில் 900 யூனிட் ஓடி, கரண்ட் பில் 5,820 ரூபாய் வந்துவிட்டது. ஏசி வாங்கி எட்டு வருடம் ஆகிறது. 5 ஸ்டார் ஏசி 45,000 ரூபாய், வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். வாங்கிவிடலாமா சார்?

பதில்: பழைய ஏசி நன்றாகக் குளிர்விக்கிறது என்றால் இப்போது வேண்டாம் அம்மா.

யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பணம் மட்டும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஏறியிருக்கிறது. 2024 ஜூலை கட்டணப்படி உங்கள் கடைசி 100 யூனிட்டுக்குத் தலா 10.50 ரூபாய், அதற்கு முந்தைய 200 யூனிட்டுக்குத் தலா 9.45. அதுமட்டுமில்லை, 500 யூனிட்டைத் தாண்டியதுமே 101 முதல் 200 வரை கிடைத்துவந்த 2.35 ரூபாய்ச் சலுகையும் போய்விடுகிறது. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய்; 501-க்கு 2,048 ரூபாய். மற்ற மாதங்களில் 480, 490 என்று ஓடும்போது மீட்டரை ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். புது ஏசி இரண்டு மாதத்துக்கு 130 யூனிட் மிச்சப்படுத்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பில்லில் சுமார் 1,330 ரூபாய். வருடத்துக்கு மூன்று பில் இப்படி வந்தாலும் 4,000 ரூபாய்தான். போட்ட பணம் திரும்பப் பதினோரு வருடம் ஆகும்.

ஃபேனைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்று கடையில் கேட்டால் தரும், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டுக்குள் முடித்துவிடும். மூன்று ஃபேன், தினம் 14 மணி நேரம் என்றால் ஒரு பில்லில் 113 யூனிட் குறையும். உங்கள் கோடை பில்லில் அது 1,170 ரூபாய். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்தால், குளிர்கால மாதங்களையும் சேர்த்து இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் வந்துவிடும். ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் ஓடவிட்டால் இன்னும் நல்லது. ஒரு டிகிரி கூட்டினாலே ஏசி செலவு சுமார் 6 சதவீதம் குறையும்.

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள்; சிமிட்டினால் எங்கோ கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். என் வீட்டில் எல்லாம் அணைத்த பிறகும் அது சிமிட்டிக்கொண்டே இருந்தது. தேடியதில், நாள் கடந்த இன்வெர்ட்டர் பேட்டரி நிறையவே முடியாமல் இரவு பகலாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் கீசர். மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறதே, அந்த சுவிட்சை ஆகஸ்ட் வரை தொடவே வேண்டாம்.

மாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடிக்க அசோசியேஷனில் கேளுங்கள். பகலெல்லாம் காய்ந்த தளம்தான் இரவு உங்கள் படுக்கையறையில் சூட்டை இறக்குகிறது.

தவணை பற்றி ஒரு வார்த்தை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. பிராசசிங் கட்டணமாகவோ, ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியாகவோ அதை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். அதே பணத்தை மாதம் 1,500 ரூபாயாக ஆர்டியில் போட்டு வாருங்கள். இரண்டரை வருடத்தில் 45,000 ரூபாய் கையில் இருக்கும். அதற்குள் இந்த ஏசி படுத்துவிட்டால், சேர்ந்தவரை முன்பணமாகும்.