கட்டிலருகே போனதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது!

கேள்வி: நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் எதைக் கேட்டாலும் பளிச்சென்று சொல்வேன். வார்டில் நோயாளியின் கட்டிலருகே போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிபி பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓடிவந்துவிடுகிறேன். அவர்கள் ஏதாவது கேட்டுவிட்டால் கைகால் உதறுகிறது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?

பதில்: ஓடுவதற்கு முன் பிபியை ஒழுங்காகப் பார்த்துக் குறித்திருக்கிறீர்கள் அல்லவா? அப்புறம் என்ன லாயக்கில்லை!

படுத்திருப்பவர் உங்களிடம் சொற்பொழிவை எதிர்பார்ப்பதில்லை. வந்திருப்பது யார், என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்தால் போதும் அவருக்கு. பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் கேட் கிரேஞ்சர் புற்றுநோயுடன் மருத்துவமனையில் இருந்தபோது, தன்னைக் கவனிக்க வந்தவர்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லாததைக் கவனித்தார். 2013-ல் ‘வணக்கம், என் பெயர்...’ என்று ஓர் இயக்கத்தையே தொடங்கினார். டாக்டருக்கே அப்படி என்றால் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும்?

ஆகவே முதல் வரியை மனப்பாடம் செய்துவிடுங்கள். “வணக்கம் ஐயா, நான் நர்சிங் மாணவி, என் பெயர் இது. பிபி பார்க்க வந்திருக்கிறேன், பார்க்கலாமா?” மாணவி என்று சொல்லத் தயங்காதீர்கள், பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும். அடுத்த வரியை வேலையே எடுத்துக்கொடுக்கிறது: “உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.” “நீங்கள் இன்னார்தானே?” என்று கேட்டால் மருந்து மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார்.

அதற்குப் பிறகு நீங்கள் பேசவே கூடாது. ஆம், பேச்சு பிபியின் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால் இருவருமே வாயைத் திறக்கக் கூடாது. பல்ஸ் எண்ணும்போதும் அப்படித்தான். எண்ணி முடித்த பிறகும் விரலை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சையும் எண்ணிவிடுவார்கள் அனுபவசாலிகள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அதன் போக்கு மாறிவிடும் அல்லவா? அந்த இரண்டு மூன்று நிமிட மௌனம் கூச்சமல்ல, வேலை. அதற்குள் உங்கள் படபடப்பும் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. “நன்றாகத் தூங்கினீர்களா?” என்றால் “ம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “ராத்திரி எப்படிப் போயிற்று?” என்று கேளுங்கள். வலி, இருமல், பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை என்று அவரே சொல்லத் தொடங்குவார். நாற்காலி இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். வலி எப்போது வந்தது, எத்தனை முறை விழித்தார் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டிய விஷயங்கள்.

தோழியை நோயாளியாகப் படுக்கவைத்துப் பழகுவதும் நல்லதுதான். ஆனால் சிடுசிடுப்பான நோயாளியாக நடிக்கச் சொல்லுங்கள். நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தால் ஒன்றுக்கும் உதவாது.

அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், “எனக்குத் தெரியவில்லை, சிஸ்டரிடம் கேட்டுவந்து சொல்கிறேன்” என்பது முழுமையான பதில். சொன்னபடி திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான். “எனக்கு என்ன நோய்? ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது?” என்றால், உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். “எல்லாம் சரியாகிவிடும்” என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள். அது அவர் வாயை அடைக்கும் வழி.

வார்டு நாளை நினைத்தாலே தூக்கம் போகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்ற அளவுக்குப் பயம் வளர்ந்திருந்தால், தள்ளிப்போடாமல் உங்கள் ஆசிரியையிடம் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் யாராவது ஒரு சீனியருடன் சேர்த்து அனுப்பும்படி கேட்பதில் தப்பே இல்லை.