மூன்று நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

கேள்வி: விண்வெளிப் பொறியியல் படித்துவிட்டு நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். துறை வல்லுநர்கள் நடத்தும் மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போகலாமா? புத்தகத்தில் இல்லாத எதைச் சொல்லிவிடப் போகிறார்கள்?

பதில்: சமன்பாடுகளுக்காக என்றால் போகாதீர்கள், புத்தகமே போதும். புத்தகத்தில் கிடைக்காததற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் சிதறியது. அதன் வழிகாட்டும் கணினி நிரல் 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்ததுதான் தொடக்கம். 32,767-க்கு மேல் அதில் இடமில்லை. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த நிரல் முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-ல் ஒழுங்காக ஓடியதுதான், ஒன்று பழுதானால் கைகொடுக்க வைத்திருந்த மாற்று அமைப்பிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் கூடவே படுத்துவிட்டது, அப்படியென்றால் உங்கள் திட்டத்தில் 'ஏற்கெனவே சோதித்தது' என்று யாரும் திறந்தே பார்க்காத பகுதி எது என்று கேட்க, வடிவமைப்பு ஆய்வுக் கூட்டங்களில் உட்கார்ந்து அடிபட்ட ஒருவரால்தான் முடியும். அந்தக் கேள்விக்குத்தான் காசு.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? எத்தனை வருட அனுபவம் என்று பார்க்காதீர்கள், எந்தப் பாகத்தில் கை வைத்து வேலை செய்தார் என்று பாருங்கள். முந்நூறு ஸ்லைடுகளை அப்படியே வாசித்துத் தூங்க வைக்கும் மேதைகளும் உண்டு! பயிற்சிகளுக்கும் விவாதத்துக்கும் பாதி நேரமாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கல் ஒன்றை, நிறுவன ரகசியத்தை விட்டுவிட்டு, எழுதி எடுத்துப் போங்கள். தேநீர் இடைவேளையில் அவரைப் பிடியுங்கள்.