முதுகைத் தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 24. மூன்று வருடமாக முதுகெல்லாம் பரு. முகத்தில் ஒன்றிரண்டுதான். தினமும் இரண்டு வேளை குளித்து, நீளப் பிடி வைத்த பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கிறேன். உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போகிறேன். தோழி கொடுத்த ஒரு களிம்பைப் போட்டபோது ஒரு வாரம் அடங்கியது. விட்டதும் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. முதுகு தெரியும்படி எதையும் உடுத்துவதே இல்லை. நான் சுத்தமாக இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நீங்கள் சுத்தமாகத்தான் இருக்கிறீர்கள். சொல்லப்போனால் தேவைக்கு மேல் தேய்க்கிறீர்கள். பரு அழுக்கால் வருவதில்லை. மூன்று வருடமாக இந்த எண்ணத்தைச் சுமந்திருக்கிறீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. முகம், மார்பு, மேல் முதுகு ஆகிய இடங்களில் அவை பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்கள் (பெண்கள் உடலிலும் இவை உண்டு) தூண்டும்போது எண்ணெய் அதிகம் சுரக்கிறது. துளையின் வாயில் இறந்த தோல் செல்கள் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடுகின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில், தோலில் எப்போதும் வாழ்கிற பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கிறது. இவ்வளவும் நடப்பது தோலுக்கு உள்ளே. பிரஷ் அங்கே எட்டாது. அது வீங்கிய துளையை உடைத்துத் தழும்புக்கு வழி செய்யும், அவ்வளவுதான். உரசலும் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தாலே பரு வரும் என்பதால் இறுக்கமான பயிற்சி உடை, தோள்பைப் பட்டை ஆகியவற்றையும் கவனியுங்கள். பயிற்சி முடிந்ததும் ஈர உடையோடு உட்கார்ந்திருக்காமல் குளித்துவிடுங்கள்.

அந்தக் களிம்பு எனக்குக் கவலை தருகிறது. உறையில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். சிவப்பை உடனே அடக்கும். ஆனால் ஸ்டீராய்டே பருவை வரவழைக்கும், தோலையும் மெலிய வைக்கும். அப்படி இருந்தால் மறுபடி தொடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? பென்சாயில் பெராக்சைடு 5 சதவீதம் கலந்த வாஷ் ஒன்று வாங்குங்கள். பலர் இதைத் தடவிய நொடியே கழுவிவிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஈரமான முதுகில் தடவி, இரண்டு முதல் ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு கழுவ வேண்டும். முதுகுத் தோல் தடிமன். மருந்துக்கு அந்த நேரம் வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். இது துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும், அதனால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பு, கண்டிஷனர் எல்லாவற்றையும் அலசி முடித்து, முதுகைக் கடைசியாகக் கழுவுங்கள். கண்டிஷனரின் பசை முதுகில் தங்கினால் துளைகள் அடைபடலாம்.

இதோடு இரவில், துளைகள் அடைபடாமல் தடுக்கும் அடாபலீன் என்ற மருந்தின் 0.1 சதவீத ஜெல்லை மெல்லிசாகத் தடவலாம். கை எட்டாத இடத்துக்கு வீட்டில் யாரையாவது உதவச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். மாற்றம் தெரியவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூன்று மாதம் முடியாமல் மருந்தை மாற்றாதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவில் பொடிப்பொடியாக இருந்து, நன்றாக அரிக்கிறதா? அப்படியானால் அது பருவாகவே இல்லாமல், மலாசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையால் மயிர்க்கால்களில் வரும் அழற்சியாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. பூஞ்சைக்கான கீட்டோகொனசோல் போன்ற மருந்துதான் கேட்கும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கூடவும் செய்யும்.

வலிக்கிற பெரிய கட்டிகள் வந்தாலோ, குழி விழுந்த அல்லது மேடான தழும்புகள் உருவானாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். தழும்பு விழுந்த பின் சரிசெய்வதைவிட முன்பே தடுப்பது எளிது. அவரிடம் மாத்திரைகள் உட்பட வலுவான சிகிச்சைகள் உண்டு. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவதும், முகத்தில் முடி வளர்வதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம்.

பரு ஆறிய இடத்தில் சமதளமாக நிற்கும் பழுப்புக் கறை தழும்பு அல்ல. மாதக்கணக்கில் ஆகும், ஆனாலும் மங்கும். பரு யாருக்கும் ஒட்டாது. எனவே பிடித்த உடையை இப்போதே உடுத்தலாம். வெயிலில் போகிற நாளில் மட்டும், துளைகளை அடைக்காத வகை சன்ஸ்கிரீனை முதுகில் தடவிக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் அந்தக் கறை கருத்துப்போகும்.