கீன்பாக் நோய்: மணிக்கட்டு அறுவை சிகிச்சை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 29 வயது, வெல்டிங் வேலை. வலது மணிக்கட்டின் நடுவிலுள்ள லூனேட் எலும்பு இரத்த ஓட்டமின்றிச் செத்துவருகிறது; இது கீன்பாக் நோய், 3ஏ நிலை (லூனேட் நசுங்கிவிட்டது, மற்ற எலும்புகள் இடம் மாறவில்லை) என்கிறார்கள். முன்கையில் சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னா 2 மி.மீ. குட்டையாக இருப்பதால், கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸை வெட்டிக் குறைக்க வேண்டுமாம். கெட்டது ஓர் எலும்பு, வெட்டுவது வேறோர் எலும்பா?

பதில்: கை ஊன்றும்போது சுமையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ரேடியஸ் வழியாகவே இறங்குகிறது. அல்னா குட்டையாக இருந்தால் லூனேட்டின் மீது அழுத்தம் மேலும் கூடுகிறது. ரேடியஸை 2 அல்லது 3 மி.மீ. குறைத்துத் தகடு பொருத்தினால் அந்த அழுத்தம் தணியும். பெரும்பாலோருக்கு வலி நன்றாகக் குறைந்து பிடிவலுவும் கூடுகிறது. மணிக்கட்டு மடங்கும் அளவில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். நசுங்கிய லூனேட் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. எக்ஸ்ரே மோசமாகவே தெரிந்தும் வலியின்றி வேலை செய்பவர்கள் பலர். புகைபிடித்தால் வெட்டிய எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும்.

கேள்வி: ஒரு எக்ஸ்ரேயில் அல்னா சமமாகவும் இன்னொன்றில் குட்டையாகவும் தெரிகிறது. எதை நம்புவது?

பதில்: தோளையும் முழங்கையையும் 90 பாகையில் வைத்து, உள்ளங்கையை மேசைமேல் தட்டையாகப் பதித்து எடுத்ததை நம்புங்கள். முன்கை புரண்டாலோ இறுக்கிப் பிடித்தாலோ அளவு மாறிவிடும்.

கேள்வி: நானும் எலும்பு மருத்துவன். இரத்தமில்லாத எலும்புக்கு இரத்தத்தைக் கொண்டுசேர்ப்பதல்லவா நேர்வழி? இரத்தக்குழாயோடு எலும்புத் துண்டைப் பெயர்த்து வைப்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: விடவில்லை. வெளி ஓடு உடையாத லூனேட்டில், குறிப்பாக அல்னா குட்டையாக இல்லாதவர்களுக்கு, அது நல்ல வழி. ஆனால் உயிருள்ள துண்டை வைத்துவிட்டு அதே சுமையை அதன்மேல் ஏற்றினால் என்ன பயன்? அதனால்தான் ஒட்டுவைப்பவர்களும் கம்பி கொண்டோ, லூனேட்டை ஒட்டியுள்ள காபிடேட் எலும்பைக் குறைத்தோ லூனேட்டின் மீதான சுமையைத் தணிக்க வழிசெய்கிறார்கள்.

கேள்வி (அதே மருத்துவர்): அப்படியானால் பலன் ஒட்டு வைத்ததாலா, சுமை குறைந்ததாலா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

பதில்: பிரிக்க முடியாது, என் தயக்கமும் அதுதான். நோய் அரிது, ஒப்பீட்டு ஆய்வுகள் சிறியவை, அறுவையின்றியே வலி தணிவோரும் உண்டு. ஆகவே அல்னா குட்டையாக இருக்கும் இளைஞருக்கு ரேடியஸைக் குறைக்கும் எளிய வழியையே நான் முதலில் சொல்வேன்.

கேள்வி: வயது 52, நான்காம் நிலை (சுற்றியுள்ள மூட்டுகளிலும் தேய்மானம்). லூனேட்டையும் அதன் இருபுறமுள்ள எலும்புகளையும் சேர்த்து மூன்று எலும்புகளை எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: காபிடேட்டின் தலையிலும், அது உட்காரப்போகும் ரேடியஸ் குழியிலும் குருத்தெலும்பு நன்றாக இருந்தால் எடுக்கலாம், அசைவு ஏறத்தாழப் பாதியும், பிடிவலுவில் பெரும்பகுதியும் மிஞ்சும். குருத்தெலும்பு தேய்ந்திருந்தால் மணிக்கட்டை முழுதாக இணைப்பதே நம்பகமானது: மடங்காது, ஆனால் பாரம் தூக்கலாம்.

கேள்வி: கால்சியம் மாத்திரையால் குணமாகுமா?

பதில்: ஆகாது. மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.

கேள்வி: இடுப்பு மூட்டில் ஏவிஎன் (இரத்த ஓட்டமின்றி எலும்பு சாவது) உள்ளது. என்ன செய்வது?

பதில்: நான் கை மட்டுமே பார்ப்பவன், இடுப்பு மூட்டு நிபுணரைக் காணுங்கள்.

கேள்வி: என் எக்ஸ்ரேயில் அல்னா குட்டையாகத் தெரிகிறதே, உடனே வெட்ட வேண்டுமா?

பதில்: கையை எப்படி வைத்து எடுத்தார்கள்? அதை முதலில் எழுதுங்கள்.