0 என்றால் வரம்பில்லை: ஜோன் சேமிப்பு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. ஜோன் டிஸ்க் என்பது தன் இடத்தை ஜோன்கள் என்ற பகுதிகளாகப் பிரித்து, அவற்றில் வரிசையாக எழுதச் சொல்லும் டிஸ்க். அதன் வரம்புகளை லினக்ஸ் கெர்னல் சிஸ்எஃப்எஸ் என்ற மெய்நிகர் கோப்புகளில் எடுத்து வைக்கிறது. அந்த எண்களை எப்படிப் படிப்பது?

ஜோன் அளவைச் சொல்லும் சங்க்-செக்டார்ஸ் கோப்பில் 524288 என்று வருகிறது. என் எஸ்எம்ஆர் டிஸ்க்கின் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஹார்ட் டிஸ்க்) செக்டார் 4096 பைட். அப்படியானால் ஒரு ஜோன் 2 ஜிபிதானே?

இல்லை, 256 எம்பி. டிஸ்க்கின் செக்டார் எவ்வளவாக இருந்தாலும் கெர்னல் இந்தக் கணக்கை 512 பைட்டில்தான் போடும்.

எத்தனை ஜோன்கள் ஆக்டிவாக, அதாவது எழுதத் தொடங்கி முடிக்காமல் இருக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ்-ஆக்டிவ்-ஜோன்ஸ் 0 காட்டுகிறது. டிஸ்க் பழுதா?

பழுதில்லை. 0 என்றால் வரம்பில்லை என்று பொருள். எஸ்எம்ஆர் ஹார்ட் டிஸ்க்குகளின் தரநிலையில் 'ஆக்டிவ்' என்ற கணக்கே கிடையாது, அதனால் அவற்றில் இந்த எண் எப்போதும் 0தான். 'இப்போதைய எண்ணிக்கை இதைவிடக் குறைவா' என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல், 0 வந்ததும் ஒரு ஜோனைக்கூடத் திறக்காமல் நின்றுவிடும். ஒப்பிடும் முன் 0ஐத் தனியாகச் சோதியுங்கள்.

ஜோன் டிஸ்க்கில் எழுத முடியவில்லை. ஏன்?

கடிதமே இவ்வளவுதான். கெர்னல் பதிப்பு எது, எஸ்எம்ஆரா இசட்என்எஸ்ஸா (ஜோன் வகை எஸ்எஸ்டி), என்ன பிழை வந்தது என்று ஒன்றுமே இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

இசட்என்எஸ் டிஸ்க்கில் மேக்ஸ்-ஓப்பன்-ஜோன்ஸ் (ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடிய ஜோன்களின் உச்சம்) 14. நான் ஒரே நேரத்தில் 3 ஜோன்களில்தான் எழுதுகிறேன். ஆனாலும் சில மணி நேரம் ஓடியபின் இ-ஓவர்ஃப்ளோ பிழை வருகிறது. நிரலில் 14 என்று மாறிலியாகவே வைத்திருக்கிறேன். தவறு எங்கே?

இரண்டு தவறுகள். முதலாவது, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஓப்பன் வரம்பு, முட்டியதோ ஆக்டிவ் வரம்பில். இ-ஓவர்ஃப்ளோ அதைத்தான் சொல்கிறது. ஓப்பன் வரம்பு மீறினால் வருவது இ-டூமெனிரெஃப்ஸ் என்ற வேறு பிழை. பிழை எண்ணைப் பார்த்தாலே இது தெரிந்திருக்கும்.

திறந்திருக்கும் ஜோன்கள் மட்டும் ஆக்டிவ் அல்ல. பாதி எழுதி மூடி வைத்த ஜோன்களும் அந்தக் கணக்கில் சேரும். உங்கள் டிஸ்க்கில் ஆக்டிவ் வரம்பும் 14 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 3 ஜோன்களோடு, பாதியில் விட்டுவிட்டு வந்த 11 ஜோன்களையும் கூட்டுங்கள், 14 ஆகிவிட்டது. பதினைந்தாவது காலி ஜோனில் எழுதப் போனால் டிஸ்க் மறுக்கத்தான் செய்யும். மூடுவதால் ஆக்டிவ் கணக்கு குறையாது. ஒன்று ஜோனைக் கடைசிவரை நிரப்ப வேண்டும், அல்லது ஃபினிஷ் கொடுக்க வேண்டும், அல்லது ரீசெட் செய்ய வேண்டும். ஃபினிஷ் கொடுத்தால் மீதி இடம் அடுத்த ரீசெட் வரை வீண். ரீசெட் செய்தால் உள்ளே இருக்கும் தரவு போய்விடும். எதைச் செய்வது என்பது உங்கள் நிரலின் முடிவு, கெர்னல் அதில் தலையிடாது.

ஓப்பன் வரம்பு இவ்வளவு கடுமையானதல்ல. வெறுமனே எழுதியதால் தானாகத் திறந்த ஜோன் என்றால், இடம் போதாதபோது டிஸ்க்கே அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்துகொள்ளும். எஸ்எம்ஆரில் பழகியவர்கள் இந்தச் சலுகை எல்லா இடத்திலும் உண்டு என்று நம்பி இசட்என்எஸ்ஸுக்கு வந்து இப்படி மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது தவறுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். அந்த 14ஐ ஏன் நிரலுக்குள் பதித்தீர்கள்? அது உங்கள் மேசையில் இருக்கும் ஒரு டிஸ்க்கின் எண். இன்னொரு மாடலில் வேறாக இருக்கும், எஸ்எம்ஆரில் ஓப்பன் வரம்பு பெரும்பாலும் 128, சிலவற்றில் 0. சிஸ்எஃப்எஸ்ஸில் ஓப்பன், ஆக்டிவ் வரம்புகளுக்கான இரண்டு கோப்புகளும் 2020இல் கெர்னல் 5.9உடன் வந்துவிட்டன. ஒரு கோப்பைத் திறந்து ஓர் எண்ணைப் படிப்பது நாலு வரி வேலை. வேறொருவர் இப்படிப் பதித்து வைத்த எண்ணைத் தேடி நான் இரண்டு இரவுகள் விழித்திருக்கிறேன். சோதனை டிஸ்க்கில் எல்லாம் சரியாக ஓடியது. டிஸ்க்கை மாற்றியதும் எழுதுவது நின்றது, பிழைச் செய்தியோ எங்கேயோ மூன்று அடுக்குக்கு மேலே 'தெரியாத பிழை' என்று வந்தது. தயவுசெய்து எண்ணைப் பதிக்காதீர்கள். நிரல் தொடங்கும்போது படியுங்கள், 0 என்றால் வரம்பில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எத்தனை ஜோன் ஆக்டிவ் என்பதைக் கெர்னல் காட்டுமா?

சிஸ்எஃப்எஸ்ஸில் இந்தக் கோப்புகள் இருக்கும் க்யூ கோப்புறையில் இருப்பது உச்ச வரம்பு மட்டும். நடப்பு எண்ணிக்கை வேண்டுமென்றால் பிளாக்ஜோன் கட்டளையால் ஜோன் ரிப்போர்ட் எடுத்து, திறந்தவற்றையும் மூடியவற்றையும் நீங்களே எண்ண வேண்டும். ஒவ்வொரு ஜோனையும் ஒரு கோப்பாகக் காட்டும் ஜோன்எஃப்எஸ் கோப்பு முறைமையை மவுன்ட் செய்திருந்தால் அது தன் சிஸ்எஃப்எஸ் கோப்புறையில் நடப்பு எண்ணிக்கையையும் தருகிறது.

ஜோன் அளவு 2 ஜிபி. ஆனால் 1 ஜிபியைக் கொஞ்சம் தாண்டியதுமே எழுத முடியவில்லை.

அளவு வேறு, கொள்ளளவு வேறு. லினக்ஸில் ஜோன் அளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் அப்படி வசதியான எண்ணில் அமையாது. அதனால் ஜோன் 2 ஜிபி இடைவெளியில் தொடங்கும், எழுத முடிவதோ சுமார் 1 ஜிபிதான். கொள்ளளவு ஜோன் ரிப்போர்ட்டில் ஜோன்வாரியாக வருகிறது. சங்க்-செக்டார்ஸை வைத்து இடத்தைக் கணக்கிடாதீர்கள்.

ஒரே டிஸ்க்கை டிஎம்-லீனியர் (டிஸ்க்கின் ஒரு பகுதியைத் தனி டிஸ்க்காகக் காட்டும் லினக்ஸ் வசதி) வைத்து இரண்டாகப் பிரித்து இரண்டு சேவைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் முழு வரம்பையும் பயன்படுத்தலாமா?

கூடாது. வரம்பு டிஸ்க் முழுவதற்கும் ஒன்றுதான். பிரித்தால் இடம்தான் பிரியும். ஒரு சேவை ஆக்டிவ் ஜோன்களை எல்லாம் பிடித்துக்கொண்டால், மற்றது எந்தத் தப்பும் செய்யாமலேயே இ-ஓவர்ஃப்ளோ வாங்கும். யாருக்கு எத்தனை என்று முன்கூட்டியே பங்கிட்டு, இரண்டின் அமைப்புக் கோப்பிலும் எழுதி வையுங்கள். கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டவில்லை என்று தொடங்கும்போதே சோதியுங்கள்.

டிஸ்க்குக்குப் போகும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் எம்க்யூ-டெட்லைன் ஷெட்யூலர் கட்டாயமா?

கெர்னல் 6.10க்கு முன் ஆம், அது இல்லாவிட்டால் எழுதும் வரிசை குலையும். 6.10இல் வந்த ஜோன் ரைட் பிளக்கிங் அந்த வேலையை பிளாக் அடுக்கிலேயே செய்கிறது, அதற்குப் பிறகு எந்த ஷெட்யூலரும் போதும். ஆனால் இது நீங்கள் வரிசையாக அனுப்பியதை வரிசை மாறாமல் காக்கும், அவ்வளவே. பேஜ் கேஷ் (கெர்னல் தரவை நினைவகத்தில் தற்காலிகமாக வைக்கும் இடம்) வழியாக எழுதினால் அனுப்பும்போதே வரிசை போய்விடலாம். அதைத் தவிர்க்கும் டைரக்ட் ஐஓவில் எழுதுங்கள். ஜோன்-ரைட்-கிரானுலாரிட்டி கோப்பில் இருக்கும் எண்ணின் மடங்காக எழுதுங்கள். அதையும் நிரலில் பதிக்க வேண்டாம்.

கையில் ஜோன் டிஸ்க் இல்லை. எப்படிச் சோதிப்பது?

போலி டிஸ்க்கை உருவாக்கும் நல்-பிளாக் என்ற கெர்னல் மாட்யூல் போதும். ஜோன் அளவு, கொள்ளளவு, ஓப்பன் வரம்பு, ஆக்டிவ் வரம்பு எல்லாவற்றையும் நீங்களே கொடுக்கலாம். ஆக்டிவ் வரம்பை 2 என்று வைத்து ஒரு முறை, 0 என்று வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.