பில்லிங் சாஃப்ட்வேரில் டிஎல்எல் பிழை: ஃபைல் போட்ட பிறகும் திறக்கல

அண்ணா, பாலக்கோடு தக்காளி மண்டி கம்ப்யூட்டர், விண்டோஸ் 7, 64 பிட். பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்தா முதல்ல 'எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் இல்லை'ன்னு வந்துச்சு (டிஎல்எல்னா சாஃப்ட்வேர் ஓடத் தேவையான துணை ஃபைல்). ஏதோ சைட்ல இறக்கி விண்டோஸோட சிஸ்டம்32, சிஸ்வாவ்64 ஃபோல்டர் ரெண்டுலயும் போட்டீங்க. இப்ப 0எக்ஸ்சி000007பின்னு பிழை எண் வருது. சரிதானே?

ஃபைல் கிடைச்சிருச்சு, பிட்தான் பொருந்தல. உங்க சாஃப்ட்வேர் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)' ஃபோல்டர்ல இருக்குன்னு சொன்னீங்க, அப்போ அது 32 பிட்; அதுக்கு 32 பிட் டிஎல்எல்தான் வேணும். நீங்க இறக்கினது பெரும்பாலும் 64 பிட். இதுல பேரை நம்பாதீங்க: 64 பிட் விண்டோஸ்ல சிஸ்டம்32ல இருக்கறது 64 பிட் ஃபைல், சிஸ்வாவ்64லதான் 32 பிட்.

நீங்க போட்ட ரெண்டு ஃபைலையும் முதல்ல எடுத்துடுங்க. மைக்ரோசாஃப்ட் சைட்லயே விஷுவல் சி++ 2010 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் (இந்த டிஎல்எல்லைச் சரியான இடத்துல போடுற தொகுப்பு) தேடி, எக்ஸ்86, அதாவது 32 பிட் பதிப்பை இறக்குங்க. 64 பிட் மெஷின்தானேன்னு எக்ஸ்64 மட்டும் போட்டா பழைய கதைதான். ரைட் கிளிக், 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்', இன்ஸ்டால், ரீஸ்டார்ட்.

எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (விண்டோஸோட சொந்த ஃபைல்களைச் சரிபார்க்கிற கட்டளை) ஓட்டச் சொல்லி உங்க கேள்விக்கு ஒருத்தர் பதில் எழுதியிருக்கார். இதுக்கு உதவாது; இந்த ஃபைல் விண்டோஸோட சேர்ந்து வர்றதில்ல.

அடுத்து 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி'ன்னு ஆரம்பிக்கிற ஃபைல் இல்லைன்னு வந்தா, விண்டோஸ் 7க்கான சர்வீஸ் பேக் 1 இருக்கான்னு பாருங்க, பிறகு அந்த ஃபைல்களைத் தர்ற கேபி2999226 அப்டேட்டைப் போடுங்க.

நல்லா ஓடின ஃபைல்கள் ஒவ்வொண்ணா காணாம போனா ஹார்ட் டிஸ்க்கை சந்தேகப்படுங்க. விண்டோஸோட ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் லாக்ல 'டிஸ்க்' பேர்ல ஈவென்ட் 7 இருந்தா பேட் பிளாக், அதாவது டிஸ்க்ல கெட்டுப்போன பகுதி. உடனே பில் டேட்டாவை பென் டிரைவ்ல எடுத்து வைங்க.