வேலை போன கணவர் சோம்பேறி ஆகிவிட்டாரா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தார். ஆர்டர் இல்லை என்று ஐந்து மாதத்துக்கு முன்பு நிறுத்திவிட்டார்கள். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தார். இப்போது ராத்திரி 2 மணி வரை செல்போன், காலையில் 10 மணிக்குத்தான் எழுகிறார். விசேஷங்களுக்கு வருவதில்லை. நான் செக்கிங் வேலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கிறேன். ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைப்பதில்லை. “சோம்பேறி ஆயிட்டான்” என்கிறார் மாமியார். போன வாரம் என் கணவர், “நான் இல்லைன்னா உனக்குப் பாரம் குறையும்” என்றார். இவரை எப்படி மாற்றுவது? கிடைக்கிற வேலைக்குப் போகச் சொல்லலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, அவர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை இன்றே கவனிக்க வேண்டும். கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். தனியாக இருக்கும்போது, “செத்துப்போகலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும் பேச ஒரு வழி கிடைக்கும். ‘ஆமாம்’ என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். டெலி-மனஸ் என்ற மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்களே அழைத்து யோசனை கேட்கலாம்.

அவர் ‘இல்லை’ என்றாலும், சோர்வும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால், அல்லது குடி கூடினால், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

சோம்பேறித்தனமா என்ற கேள்விக்கு வருவோம். ஆஸ்திரியாவில் மாரியென்தால் என்றொரு ஊர். நூற்பாலையை நம்பி வாழ்ந்த அந்த ஊரில், ஆலை மூடியதும் ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. 1930களின் தொடக்கத்தில் மாரி யஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். கை நிறைய நேரம் இருந்தும், நூலகக் கட்டணத்தை நீக்கிய பிறகும், அங்கே புத்தகம் எடுப்பது சுமார் பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் நடந்துபோகும் ஆண்களில் பெரும்பாலோர் வழியில் நின்று நின்று போனார்கள். பெண்களின் நடை அப்படித் தளரவில்லை. வீட்டு வேலை அவர்கள் பொழுதைப் பிடித்து வைத்திருந்தது.

வேலை கூலியோடு வேறு சிலவற்றையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் நிறைவு, ஊரில் ஓர் அடையாளம், கைக்கு வேலை. உங்கள் கணவருக்கு ஐந்தும் ஒரே நாளில் போயிருக்கின்றன. ‘மாஸ்டர்’ என்று கூப்பிட ஆளில்லை. “இப்ப எங்க இருக்கீங்க?” என்று கேட்பார்களே என்றுதான் விசேஷங்களைத் தவிர்க்கிறார்.

அதனால் முதலில் சரிசெய்ய வேண்டியது பொழுது, அதிலும் தூக்கம். சீக்கிரம் படுக்கச் சொல்லிப் பயனில்லை, தூக்கம் வராது. எழும் நேரத்தைத்தான் முன்னே இழுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னதாக எழுந்து, 6.30க்குக் கொண்டுவரட்டும், ஞாயிறும் அதே நேரம். எழுந்ததும் அரை மணி வெளியே வெளிச்சத்தில் நடக்க வேண்டும். செல்போன் ராத்திரி வேறு அறையில் சார்ஜில் இருக்கட்டும்.

வேலை தேடுவது காலையில் இரண்டு மணி நேரம் போதும். நாள் முழுக்கத் தேடினால், பதில் வராத ஒவ்வொரு போனும் மனதை அறுக்கும். இலக்கு அவர் கையில் உள்ளதாக இருக்க வேண்டும்: வாரத்துக்கு ஐந்து பேரிடம் நேரில் பேசுவது, அவ்வளவுதான். “நாங்களே கூப்பிடுறோம்” என்பார்கள். அப்போது என்ன சொல்வது, அடுத்து எங்கே போவது என்பதை முன்கூட்டியே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மிச்சிகனில் வேலை இழந்தவர்களுக்கு நடத்திய பயிற்சியில் இப்படி ஏமாற்றத்துக்குத் தயார் செய்வதும் ஓர் அங்கம். அதில் கலந்துகொண்டவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது, வேலையும் நன்றாகவே அமைந்தது.

வீட்டு வேலையில் ‘கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க’ என்று கேட்காதீர்கள். ஒரு பொறுப்பை முழுதாகக் கொடுங்கள்: ரேஷன், கரண்ட் பில், ராத்திரிச் சமையல் எதுவானாலும் சரி. அவர் செய்வதில் குறை இருந்தாலும் நீங்கள் திருத்தாதீர்கள். நீங்கள் வெளியே உழைத்துவிட்டு வீட்டிலும் உழைப்பது நியாயமில்லை. அவர் சோர்ந்திருக்கிறார் என்பதற்காக அதை முழுதும் நீங்களே சுமக்க வேண்டாம்.

“ஏதாச்சும் ஆச்சா?” என்று தினமும் கேட்பதை நிறுத்துங்கள். பணம், கடன், வேலை எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். மற்ற நாட்களில் அந்தப் பேச்சே வேண்டாம். மாமியாரிடம், “அந்த வார்த்தையை அவர் முன்னாடி சொல்லாதீங்க அத்தை, ரொம்ப நொந்துபோயிருக்கார்” என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கிடைக்கிற வேலைக்குப் போகலாமா? எந்த வேலையும் வேலை இல்லாததைவிட மேல் என்று சொல்ல மாட்டோம். சம்பளம் ஒழுங்காக வராத, நாளைக்கு இருக்குமா என்று தெரியாத, ஏச்சும் பேச்சுமாக இருக்கும் இடம் மனதை வேலையின்மை அளவுக்கே கெடுக்கும். ஆனால் கட்டிங் டேபிளில் பீஸ் ரேட்டுக்கோ, சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் வாரம் மூன்று நாளோ கிடைத்தால் போகட்டும். கைத்தொழில் விட்டுப்போகாது, பழைய ஆட்களோடு தொடர்பு இருக்கும், அடுத்த ஆர்டர் வரும்போது பெயர் நினைவுக்கு வரும். மூன்று மாதத்துக்கு மட்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்துகொண்டு அனுப்புங்கள். மீதி மூன்று நாளில் தேடுவதை நிறுத்த வேண்டாம்.